ஓடுகிற தண்ணீரை நிற்க வைத்தோம்

மழை இருட்டினால் ஊரே கடைக்குள் ஓடும். வடிகாலைப் பார்க்கும் கான் ஓவசியர் மட்டும் கடையை விட்டு ரோட்டுக்கு ஓடுவான். மண்வெட்டியோடு நனைந்து, ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நண்பர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குக் கீழே ஒரு சின்ன டவுனில் எனக்கு வடிகான் வேலை.

வழவழப்பான கான்

கடைத்தெருவின் பள்ளத்தில் வேலு முதலாளியின் புடவைக் கடை. மேலே தேயிலை மலையில் பெய்வதெல்லாம் கடைசியில் அங்கேதான் வரும். நாங்களும் கானை ஆழமாக்கினோம், சிமெந்து பூசி வழவழவென்று ஆக்கினோம். அந்த வருடம் மே மாத மழையில் சீலைக் கட்டுகள் மிதந்தன.

எங்கள் இஞ்சினியர் யாழ்ப்பாணத்தவர். கோபத்திலும் மரியாதை குறையாது. "ஐப்பசி மழைக்கும் கடைக்குள்ள தண்ணி போச்சுதெண்டால், நீர் வேற ஊருக்கு மாற்றத்துக்குப் பெட்டியைக் கட்டும்" என்றார். என் மகளை அப்போதுதான் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். முதலாளி சீலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஒங்க கான் ரொம்ப நல்ல கானுங்க. முந்தியெல்லாம் தண்ணி வர அரை மணி ஆகும். இப்ப அஞ்சு நிமிசத்துல வந்துருது."

அரைப்பேர்

அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. அதே மழைதானே தேயிலைக்குள்ளும் பெய்கிறது, அங்கே ஏன் இந்தப் பாய்ச்சல் இல்லை? தோட்டத்தில் கான் வெட்டும் மாரிமுத்துவைத் தேடிப் போனேன். என்னோடு ஒன்றாகப் படித்தவன். மலைக்குக் குறுக்கே அவன் வெட்டிய கானில் சில அடிக்கு ஒரு குழி, குழிக்குக் குழி நடுவில் ஒரு வரம்பு. தண்ணீர் ஒவ்வொரு குழியிலும் நின்று, மண்ணில் ஊறி, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது. ஆகா! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

அவனை டவுனுக்குக் கூட்டிவந்து எங்கள் கானைக் காட்டினேன். ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது முழு நாள் கூலி, போடுவார்கள். வேலை சரியில்லை என்றால் அரைப்பேர். மாரிமுத்து குனிந்து சிமெந்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தோட்டத்துல இப்பிடி வெட்டியிருந்தா, தொரை ஒனக்கு அரைப்பேருதான்டா போட்டிருப்பாரு!"

ஒழுகாத குழி

இஞ்சினியரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். மேல் ரோடு நெடுக கானின் அடியை இடையிடையே உடைத்துக் குழி தோண்டினோம். ஓரங்களில் புல் வைத்தோம். குழிக்குப் பக்கச் சுவர் கட்ட மேசன் செல்லையாவை விட்டுவிட்டு இரண்டு நாள் நுவரெலியாவுக்குக் கூட்டத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் குழிகள் எல்லாம் பளபளக்கின்றன. அடியையும் சேர்த்துப் பூசிவிட்டார்! முப்பது வருடம் ஒழுகாத வேலை செய்த கை, சும்மா இருக்குமா? நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்: "பாருங்க சேர், ஒரு சொட்டு ஒழுகட்டும், நான் இன்னையோட கரண்டியக் கீழ வச்சிடுறேன்!"

தீபாவளி மழை

அவருக்குச் சமாதானம் சொல்லி, அவரைக் கொண்டே எல்லா அடியையும் உடைக்க வைத்தேன். கடைசிக் குழி முடிந்த மறுநாள், பின்னேரம் மூன்று மணிக்கு மழை கொட்டத் தொடங்கியது. தீபாவளிக்கு முந்திய வாரம். குடையை மறந்து ஓடினேன். முதல் குழி நிரம்பியது, நின்றது, மெல்ல அடுத்ததற்கு வழிந்தது. நான் ஒவ்வொரு குழியாகத் தண்ணீரோடு கூடவே இறங்கினேன். ஒரு மணி நேரம் பெய்தும் புடவைக் கடையின் முதல் படி மட்டும்தான் நனைந்தது! இஞ்சினியர் வந்து படியைப் பார்த்தார், என் தோளில் தட்டினார். மகளுடைய பள்ளிக்கூடம் தப்பியது. நடுரோட்டில் கண் கலங்கிவிட்டேன். மழையில் யாருக்குத் தெரியும்?

மறுநாள் கடை வாசலில் தோட்டத்துப் பெண்கள் கூட்டம். பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் வெள்ளத்தில் நனைந்த சீலைகளை முதலாளி காயவைத்துப் பாதி விலைக்குக் கொடுப்பாராம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கே அதுதான் தீபாவளிச் சீலையாம். முன்னால் நின்ற அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்: "நல்ல வேலைதாங்க ஐயா, இல்லங்கல. தீவாளி முடிஞ்சு செஞ்சிருக்கக் கூடாதா?"

வெள்ளம் வந்ததற்குத் திட்டியவர் ஒருவர், வராததற்குத் திட்டியது ஒரு லயமே. ஆனாலும் அந்த இரண்டாவது திட்டை வாங்க எத்தனை ஓவசியருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது!