மார்லோ பெண்டின் நாற்பத்தொன்றாம் கேள்வி

ஆர்டித் கோல்மையர் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் தப்பாக ஒரு வரி டைப் அடித்ததில்லை. தெற்கு இந்தியானாவில், ஆறு சோம்பல் முறிப்பதுபோல வளையும் இடத்தில் இருக்கிற மார்லோ பெண்ட் நகரசபையின் எழுத்தர் அவள். நாய் லைசென்ஸிலிருந்து கல்லறை இடம் வரை அவள் கை படாத காகிதம் ஊரில் கிடையாது. மேயர்கள் வருவார்கள், போவார்கள். ஆர்டித் இருப்பாள்.

வீட்டில் அவளுடன் இருப்பவள் வில்மா ஸ்டர்ஜில், உயர்நிலைப் பள்ளி சமையற்கூடத்தின் தலைவி. இருபத்தாறு வருடமாக இருவருக்கும் ஒரே வீடு, ஒரே தோட்டம், ஒரே கட்டில். ஊர் மட்டும் வில்மாவை ஆர்டித்தின் அறைத்தோழி என்றே சொல்லும், ஏதோ அடுத்த ஜூனில் பரீட்சை எழுதிவிட்டு ஊர் திரும்பப் போகிறவள் மாதிரி. கிறிஸ்துமஸ் வாழ்த்து இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் வரும். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். மார்லோ பெண்டில் அதற்கு நாகரிகம் என்று பெயர்.

1994இல் ஊருக்குப் புதிய சாக்கடைக் குழாய் தேவைப்பட்டது. வீடு, வேலை விஷயங்களில் பாரபட்சம் காட்டமாட்டோம் என்று நகரசபை ஒரு சட்டம் போட்டால்தான் வாஷிங்டன் பணம் தரும். நகரசபை வக்கீல் யோசித்து எழுதுகிற ரகமல்ல. பல்கலைக்கழக நகரம் ஒன்றின் சட்டத்தை நகலெடுத்து வந்து ஆர்டித்தின் மேசையில் போட்டார். ஊர்ப்பெயரை மட்டும் மாற்று, வேறு எதையும் தொடாதே என்றார்.

இனம், நிறம், மதம் என்று நீண்ட பட்டியலில் ஊனத்துக்கு முன்னால் 'பாலியல் நாட்டம்' என்று இரண்டு சொற்கள் இருந்தன; ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதற்காக அவரை ஒதுக்கக் கூடாது என்று பொருள். ஆர்டித் கால் மணி நேரம் அவற்றையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னதைச் செய்தாள். ஊர்ப்பெயரை மாற்றினாள், வேறு எதையும் தொடவில்லை. இத்தனை பணிவான கலகத்தை அந்த மாநிலம் அதுவரை கண்டதில்லை.

சில்லறை விஷயங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே 'ஆம்' சொல்லி முடித்துவிடுவது நகரசபை வழக்கம். அன்று மாலை பள்ளியில் கூடைப்பந்து அரையிறுதி வேறு. நாய் லைசென்ஸ் கட்டணத்துக்கும் பூங்கா பெஞ்சுக்கும் நடுவில் அந்தச் சட்டம் ஏழுக்கு ஏழு என்று நிறைவேறியது. குழாய் வந்தது. அதன்பின் இருபத்திரண்டு வருடம் அந்தச் சட்டத்தைத் திறந்து பார்த்த கண் ஆர்டித்துடையது ஒன்றுதான்.

2016 வசந்தத்தில் மினசோட்டாவிலிருந்து ஒரு கம்பெனி, மருந்து ஏற்றும் ஊசிக்குழல் தயாரிப்பது, புதிய தொழிற்சாலைக்கு இடம் தேடியது. முந்நூற்று நாற்பது வேலைகள். மரச்சாமான் ஆலை மூடிய பிறகு மார்லோ பெண்ட் அப்படி ஒரு எண்ணைக் கேட்டதே இல்லை. கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது, அறுபத்து நான்கு கேள்விகள். தண்ணீர் அழுத்தம் எவ்வளவு, ரயில் பாதை எத்தனை அடி தூரம். நாற்பத்தொன்றாவதாக: ஓர்பால் ஈர்ப்புள்ள ஊழியருக்கு வேலையும் வீடும் மறுக்கப்படாமல் காக்கும் உள்ளூர்ச் சட்டம் உண்டா?

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பிரைஸ்டன் நகரம் இந்தக் கேள்விக்காகவே போன மாதம் அவசரமாக ஒரு சட்டம் போட்டிருந்தது. மேயர் ராட் ஹாஸ்கெட் தலையில் கை வைத்துக்கொண்டார். நம் ஆட்களிடம் கேட்டால் ஐந்து ஓட்டு எதிராக விழும், 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கடவுளை வேண்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் படிவத்தை ஆர்டித்திடம் கொடுத்துவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஆர்டித் வில்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வில்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது பெட்டிக்குள்ள இருக்கறவரைக்கும்தான்டி சட்டம். வெளிய எடுத்தா கிழிச்சுப் போட்டுடுவாங்க. நாளைக்கே என்னைய ஸ்கூல்ல இருந்து தூக்கினா எதைக் காட்டிப் பேசறது?"

"அதுக்காக 'இல்லை'ன்னு அடிக்கச் சொல்றியா? இருக்குதே வில்மா."

"டைப்ல பொய் அடிச்சா கை அழுகிடுமா?"

"என் கை அழுகிடும்."

அதுதான் சிக்கல். சட்டம் பிழைக்க வேண்டுமானால் அது இல்லை என்று சொல்ல வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் இல்லாமல் போய்விடலாம். யார் நுழைத்தது என்ற கேள்வியும் கூடவே வரும், ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருக்கும்போது. ஆர்டித் அடுத்த நாள் காலை நாற்பத்தொன்றுக்கு 'ஆம்' என்று அடித்தாள். எப்போதிலிருந்து என்ற கட்டத்தில் 1994 என்று போட்டு, சட்டத்தின் நகலை இணைத்து மேயரின் முன்னால் வைத்தாள்.

மேயர் மூன்று தடவை படித்தார். பிறகு எழுந்து அவளைக் கட்டிப்பிடித்தார். அதற்கு முன் அந்த அலுவலகத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. செஸ்டர் புரூயிட் என்ற உறுப்பினர், தேவாலயத்தில் ஞாயிறு வேதபாடப் பள்ளி நடத்துகிறவர், அதை ரத்துசெய்ய அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவதாக அறிவித்தார். தீர்மானத்தை இன்னொருவர் வழிமொழிய வேண்டும், இல்லாவிட்டால் அது பேசப்படாமலே செத்துவிடும். வழிமொழியப் போகிறவர் டெல்பர்ட் ராடமாக்கர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நகரசபையின் மிக மூத்த உறுப்பினர், எழுபத்தெட்டு வயது, பண்ணைகளை ஏலம் விடுகிற தொழில், அவர் தலையசைத்தால் இன்னும் மூன்று தலை அசையும்.

கூட்டத்தன்று நின்றுகொண்டு பார்க்கும் அளவுக்குக் கூட்டம். வில்மா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள். புரூயிட் தீர்மானத்தைப் படித்துவிட்டு, யாரோ நயவஞ்சகமாக இதை நுழைத்திருக்கிறார்கள், யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். சொல்லும்போது ஆர்டித்தைப் பார்த்தார். மேயர், 1994இல் சட்டம் நிறைவேறிய நாளின் நடவடிக்கைக் குறிப்பைப் படிக்கும்படி எழுத்தரைக் கேட்டுக்கொண்டார். ஆர்டித் பழைய குறிப்பேட்டைத் திறந்து படித்தாள்.

"முன்மொழிந்தவர், டெல்பர்ட் ராடமாக்கர். எதிர்ப்பு, எவருமில்லை."

அரங்கில் ஒரு சிரிப்பு தொடங்கி, டெல்பர்டின் முகத்தைப் பார்த்ததும் நின்றது. டெல்பர்டின் தொழிலே அவர் வாக்குதான். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவனிடம் எவனும் பண்ணையை ஒப்படைக்கமாட்டான். கமா வரைக்கும் படிப்பவர் என்று நாற்பது வருடமாகப் பேர் எடுத்தவர். படிக்கவில்லை என்றால் அந்தப் பேர் போச்சு. படித்தேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முகம் போச்சு.

"டெல்பர்ட், நீங்க அன்னிக்கி இதைப் படிக்கல இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்" என்று புரூயிட் எடுத்துக்கொடுத்தார்.

டெல்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"படிச்சேன்."

"முழுசாவா?"

"ஒரு எழுத்து விடாம. என்ன செஸ்டர், என்னை யாருன்னு நினைச்சே?"

"இந்த ரெண்டு வார்த்தையையுமா?"

"இருபத்திரண்டு வருஷமா அது இருக்கு. ஊர்ல யாருக்காச்சும் கை காலு போச்சா? சாக்கடை நல்லாத்தானே ஓடுது?"

முன்மொழிந்தவரே படித்துப் பார்த்து முன்மொழிந்திருக்கும்போது, நுழைத்தது யார் என்று எதற்குக் கேட்பது? மேயர் வழிமொழிபவர் உண்டா என்று மூன்று முறை கேட்டார். டெல்பர்டின் தலை அசையவில்லை. மற்ற மூன்று தலைகளும் அசையவில்லை. வழிமொழிவாரின்றித் தீர்மானம் காலாவதி என்று ஆர்டித் குறித்துக்கொண்டாள். கடைசி வரிசையில் வில்மா மூக்கைச் சிந்திய சத்தம் முன்வரிசை வரை கேட்டது.

கம்பெனி ஆகஸ்டில் மார்லோ பெண்டைத் தேர்ந்தெடுத்தது. நாற்பத்தொன்றுக்கு 'இல்லை' என்ற ஊர்களை முதல் நாளே கழித்துவிட்டார்களாம். ஆனால் மார்லோ பெண்ட் பிரைஸ்டனை வென்றது தண்ணீர் அழுத்தத்தால். இந்த இரண்டாம் பாதியை மேயர் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

தொழிற்சாலைத் திறப்பு விழாவில், காலத்தை முந்திய சட்டத்தின் தந்தை என்று பொறித்த பித்தளைப் பட்டயத்தை டெல்பர்டுக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். புரூயிட்டும் தட்டினார், அவர் மருமகனுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. ஆர்டித் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். வில்மா அவள் தொடையைக் கிள்ளினாள்.

டெல்பர்ட் பட்டயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு சர்க்கரை க்ரீம் பை என்ற ஊர்ப் பலகாரம் இருந்த மேசைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஆர்டித்தின் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, அந்தச் சட்டம் என்னதான் சொல்லுது?"

"எங்களை மாதிரி ஆளுங்களை வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுன்னு சொல்லுது, டெல்பர்ட்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தட்டில் இரண்டு துண்டு அடுக்கிக்கொண்டிருந்த வில்மாவைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா? இதுக்கா செஸ்டர் அந்தக் கத்துக் கத்தினான்?" என்றார். "உன்னைத் தூக்கிட்டு டைப் அடிக்க எவன் வருவான்? சரி சரி, உன் வீட்டுக்காரம்மா கிட்டச் சொல்லு, எனக்கும் ஒரு துண்டு மிச்சம் வைக்கட்டும்."