ஒன்பது பெண்களும் ஐம்பத்தெட்டு லிச்சிப் பழங்களும்

சுப்புலக்ஷ்மி ஒரு பள்ளிக்கூடத்தின் படியை முதன்முதலாக மிதித்தது தன் இருபத்தைந்தாவது வயதில், 1912ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். வங்காளத்துப் பவானிபூரில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கு அவள் தனக்காகப் போகவில்லை. ஒன்பது வயது மகள் ஜலஜாவுக்கு அன்று மனக்கணக்குத் தேர்வு.

கம்பெனி குமாஸ்தாவான கணவர் வைத்தீஸ்வரன் டிராம் வண்டியிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இன்னிக்குத் தேறினா படிப்பு. இல்லேன்னா ஆவணியில கல்யாணம்."

ஜலஜா ஏட்டுக் கணக்குப் பயின்றதில்லை. மத்தியானங்களில் தாயோடு பல்லாங்குழி ஆடியே கூட்டவும் வகுக்கவும் பழகியவள். கையில் அள்ளிய புளியங்கொட்டைகள் எந்தக் குழியில் தீரும் என்பதை, போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

தீதிமணி என்று எல்லோரும் அழைத்த தலைமை ஆசிரியை வங்க மொழியில் கேட்டார்: "ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பத்தொரு லிச்சிப் பழங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக் கொடுக்கிறேன். கடைசிப் பழம் யாருக்கு? அவளிடம் மொத்தம் எத்தனை?"

"மூன்றாவது பெண்ணுக்கு," என்றாள் ஜலஜா, இமைக்காமல். "அவளிடம் ஒன்று."

தீதிமணியின் பேனா நின்றது. "ஒன்றா?"

வைத்தீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். பிழை எங்கே நேர்ந்தது என்பது சுப்புலக்ஷ்மிக்கு உடனே விளங்கிவிட்டது. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவள் அதை அப்போதே எடுத்துக்கொள்வாள். குழந்தை லிச்சியிலும் பசு எடுத்துவிட்டது!

"அடியே, இங்கே பசு கிடையாதுடி!" என்று தமிழில் கத்திவிட்டாள்.

"ஐந்து!" என்றாள் ஜலஜா.

தமிழ் புரியாத தீதிமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விடையைத் தாய் சொல்லிக் கொடுத்துவிட்டார். அவர் வெளியே போகட்டும்."

தாழ்வாரத்தில் நின்றவளுக்கு ஜன்னல் வழியே அடுத்த கேள்வி கேட்டது: "ஒன்பது பெண்கள். ஐம்பத்தெட்டுப் பழங்கள்."

ஆறு சுற்றுக்கு ஐம்பத்துநான்கு, மிச்சம் நான்கு. விடை சுப்புலக்ஷ்மியின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நான்காவது பெண்," மகளின் குரல் தயங்கியது. "அவளிடம் மூ... இல்லை. ஏழு."

நெடுநேரம் கழித்து வைத்தீஸ்வரன் வெளியே வந்தார். "மூணாம் கிளாஸ். திங்கட்கிழமை வரச் சொல்லிட்டா."

சுப்புலக்ஷ்மி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜலஜா ஓடிவந்து அவள் தோளைப் பற்றினாள்.

"அம்மா, நீயும் மனசுல போட்டியா? எத்தனை வந்தது?"

"ஏழு."

"எனக்கு முன்னாடியா, அப்புறமா?"

சுப்புலக்ஷ்மி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்புறந்தான்," என்றாள்.