மாதிரிக்கென்று செய்தது

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். வைத்தது நான்தான். அடையாள அட்டையில் பிசினஸ் அனலிஸ்ட் என்று போட்டிருக்கும். ஆனால் அந்த வேலையில் முக்கால்வாசி கேள்வி கேட்பதுதான். ஒரு பிரிவுக்குப் போய் உட்கார்ந்து, இங்கே வேலை எப்படி நடக்கிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எங்கே சிக்குகிறது என்று குடைந்து குடைந்து கேட்டு, எழுதி, சாஃப்ட்வேர் செய்கிறவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். அவர்கள் செய்து கொடுத்ததைத் தட்டிக்கொட்டிப் பார்ப்பது என் வேலை. அடுத்தடுத்த நாற்காலி. எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை அதிகம். ஒத்துப்போய்விட்டது.

அவளிடம் ஒரு நல்ல குணம். ஒரு வேலையை இயந்திரத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்றால், அதைச் செய்கிற ஆளின் கதி என்ன என்று முதல் நாளே அரிக்கத் தொடங்கிவிடுவாள். "இவரை எங்க சார் உக்கார வைக்கப்போறீங்க?" என்று மேனேஜர் பின்னாலேயே சுற்றுவாள். அவரும் தொல்லை தாங்காமல் எங்காவது ஒரு இடம் பார்த்துக் கொடுப்பார். அப்போதெல்லாம் அதற்கு நேரம் இருந்தது. அவள் எழுதி முடிக்க, அவர்கள் செய்து முடிக்க, நான் குறை சொல்லித் திருப்பியனுப்ப, வருஷமே ஓடிவிடும். ஆமை வேகம் என்று எங்களைத் திட்டாதவர்கள் இல்லை. அந்த ஆமை வேகத்தில்தான் சில பேர் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

பிறகு அந்தக் கருவி வந்தது. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். திரையில் பெட்டிகளை இழுத்து ஒன்றோடொன்று கோத்தால் ஆப் தயார். அதற்கும் சோம்பலா, வேண்டியதை வாயால் சொன்னால் போதும், ஏஐ கோத்துக் கொடுத்துவிடும். "இனிமே அனலிஸ்டே எல்லாத்தையும் செஞ்சுடலாம்" என்றார் மேனேஜர். "அப்புறம் அனலிஸ்ட் மட்டும் எதுக்கு சார்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலிடத்து ஆட்கள் முன்னால் அதைச் செய்து காட்ட இவளை நிறுத்தினார்கள். உதாரணத்துக்கு ஏதாவது ஒரு வேலையை எடுக்க வேண்டும். அவள் தனக்கு அத்துப்படியான ஒன்றை எடுத்தாள், அத்தான் வேலையை.

அவள் அக்காவின் கணவரும் எங்கள் கம்பெனிதான். நாங்கள் வீட்டுச் சாமான்கள் விற்கிறோம். திரும்பி வருகிற ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கெல்லாம் புகாரைப் படித்து, இதைப் பழுது பார்ப்பதா, புதிது கொடுப்பதா, காயலான் கடைக்குத் தள்ளுவதா என்று பிரிப்பது அவர் பொறுப்பு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு இவள் வளர்ந்தது அக்கா வீட்டில், இப்போது இருப்பதும் அங்கேதான். கல்லூரியில் படிக்கவைத்தது அத்தான். சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய அலுவலகக் கதைதான். "மெஷின் சுத்தவே மாட்டேங்குதுன்னு ஒரு அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க பாப்பா. பாத்தா, பிளக்ல சுத்தியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கலை!" அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். இவள் புரையேறச் சிரிப்பாள்.

அப்படிச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டதையெல்லாம்தான் அன்றைக்கு அந்தக் கருவிக்குச் சொன்னாள். மாதிரிக்குத்தானே என்று நினைத்துவிட்டாள். எங்கள் தொழிலில் டெமோ என்பது அட்டையில் செய்த வீடு. அதில் யாரும் குடிபோனதில்லை.

டீ ஆறுவதற்குள் ஆப் ஓடியது. பழைய புகார்களைப் போட்டுப் பார்த்தார்கள். அத்தான் எப்படிப் பிரித்திருந்தாரோ, அச்சு அசலாக அப்படியே பிரித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டித் தொலைத்தேன்.

"பிரமாதம். பப்ளிஷ் பண்ணிடுங்க, இன்னைக்கே நிஜ வேலைக்கு விட்டுடலாம்" என்றார் டைரக்டர்.

"சார், இது சும்மா மாதிரிக்கு..."

"அதான் ஓடுதேம்மா! இதுல என்ன மாதிரி, என்ன அசல்? அழுத்துங்க."

அறையே அவள் முகத்தைப் பார்த்தது. அவள் அழுத்தினாள்.

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போய் நின்றாள். அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கே இருக்கிறவருக்கு ஒரு மூலையாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். "எல்லாப் பிரிவுலயும் ஆளைக் குறைக்கிறாங்க, எந்த மூலையைக் குடுக்கறது? உன் நாற்காலி தப்பிச்சுதேன்னு சந்தோஷப்படு" என்றார் அவர். பாவி மனுஷன், சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வாரக் கடைசியில் அத்தானுடைய சீட்டு கிழிந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்து, நடந்ததை எல்லாம் அவளே சொன்னாள்.

"தெரியும் பாப்பா. யார் செஞ்சதுன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. அக்காகிட்ட நானே விட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே."

"எதுக்கு அத்தான்?"

"வேலை போனா இன்னொண்ணு தேடலாம். அக்கா தங்கச்சிய எங்க போய்த் தேடறது?"

மறுநாள் இதையெல்லாம் அவள்தான் என்னிடம் சொன்னாள்.

ஆனால் அக்கா சும்மா விடுவாளா? "நல்ல வேலையை உதறிட்டு வந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கேட்டா சலிச்சுப்போச்சாம். சலிக்கிறதுக்கு அது என்ன சினிமாவா?" என்று காலையில் தொடங்கினால் படுக்கிறவரை ஓயாது. அவர் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் வயசைக் கேட்டுவிட்டுக் கையை விரித்தார்கள். வீட்டில் உண்மையை மட்டும் சொல்லவே மாட்டார். இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆளே பாதியாகிவிட்டாள்.

ஒருநாள் அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே கிளம்பறீங்க என்று அக்கா கேட்டாள். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்றார். அக்கா ஓவென்று அழுதுவிட்டாள். "இதுக்கா அந்த வேலையை விட்டீங்க? உங்க திமிருக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!"

இவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அவரைத் திட்டாதேக்கா. அவரா விடலை. அந்த வேலையே இல்லாமப் பண்ணினது நான். என் கையாலதான் பட்டனை அழுத்தினேன்."

அக்கா இவளையே பார்த்தாள். பிறகு அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

"பாத்தீங்களா உங்க செல்லத்தை? உங்களை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது, பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறா! ஏண்டி, உன்னை ஆளாக்கின மனுஷன் வேலையை நீ பறிச்சேன்னு சொன்னா எந்தப் பைத்தியக்காரி நம்புவா?"

"சத்தியமாக்கா..."

"போதும்டி வக்காலத்து. வந்து சாப்பிடு."

அத்தான் நிமிரவே இல்லை. செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்றாள் என்னிடம். அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தானுக்கு அந்த வாட்ச்மேன் வேலை கிடைத்துவிட்டது. அக்கா இன்றைக்கும் அவரைத்தான் திட்டுகிறாள். தங்கைக்குத்தான் முதலில் தட்டு வைக்கிறாள்.