காற்றாலை இறக்கைக்குள்...

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். அன்று மீட்டரைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

பிலிப்பைன்ஸின் இலோகோஸ் கடற்கரையில் காற்றாலை இறக்கைகளைச் சோதிப்பது என் வேலை. போன மழைக்காலத்தில் ஓர் இறக்கையில் இடி விழுந்தது. யாரோ ஒப்பந்தக்காரர்கள் கண்ணாடி நாரும் பசையும் வைத்து ஓட்டையை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். இறக்கைக்குள் நுனியிலிருந்து அடிவரை ஒரு செம்புக் கம்பி ஓடும். அடுத்த இடியைத் தரைக்குக் கொண்டுபோவது அதுதான். அது அறுந்திருந்தால் மேலே வேலை செய்பவன் கரிக்கட்டை. மறுநாள் இறக்கையைக் கோபுரத்தில் மாட்டியதும் மேலே ஏறப்போகிறவர் மெல்கோர். என்னைவிட மூத்தவர், மனோங், அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

மத்தியானமே வானம் இருட்டிவிட்டது. இறக்கை தரையில் கிடந்தது. மெல்கோர் சோதனை ஒயரோடு நுனிக்குப் போனார். நான் அகன்ற அடிப்பக்கத் துளைக்குள் புகுந்து, கம்பியின் இந்த முனையில் மீட்டரை மாட்டினேன். எண் வரவில்லை.

"வரல மனோங். அழுத்திப் பிடிங்க," என்றேன் வாக்கி டாக்கியில்.

"பிடிச்சுட்டுதான்டா இருக்கேன். உன்னை மாதிரியே உன் மீட்டருக்கும் மத்தியானத் தூக்கமா?"

அப்போது இறக்கைக்குள், இருட்டான குறுகல் பக்கம்... சரக்... சரக்...

யாரோ தவழ்வது போல.

சட்டென்று மீட்டரில் எண் வந்தது. பூஜ்யத்தை ஒட்டி. இணைப்பு சரி. அப்பாடா என்றிருந்தது. பேனாவை எடுத்தேன்.

ஆனால் எண் நிற்கவில்லை. மெல்ல ஏறியது... இறங்கியது... ஏறியது... தூங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்குமே, அப்படி.

"சீக்கிரம் எழுது..."

"அவசரப்படுத்தாதீங்க மனோங்."

"நான் எங்கடா பேசினேன்?" என்றார் மெல்கோர்.

வாக்கி டாக்கியைக் காதோடு ஒட்டிப் பிடித்தேன்.

"எழுது... கை வலிக்குது..."

வாக்கி டாக்கியில் வரவில்லை அந்தக் குரல்.

உள்ளேயிருந்து வந்தது.

மீட்டரில் எண் மறைந்தது.

சரக்... சரக்...

இப்போது என்னை நோக்கி.

ஓடினேன்.

சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். மேலாளர் திட்டித் தீர்த்தார். "மெல்கோரை அனுப்ப விடமாட்டேன். வேணும்னா நீங்க ஏறுங்க," என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒட்டுப்போட்ட இடத்தை அறுத்துப் பார்க்கச் சொன்னார்.

அறுத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். ஒட்டுப்போட்டவர்கள் அறுந்த கம்பியை இணைக்கவே இல்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவே, ஓர் ஆள் இரு கைகளையும் விரித்தால் எட்டுகிற தூரம். கம்பி முழுக்கக் களிம்பேறிக் கறுத்திருந்தது. அந்த இரண்டு முனைகள் மட்டும், பல நாள் கை பட்டுத் தேய்ந்த கதவுப் பிடி போலப் பளபளத்தன.