தறிக்குப் போட்ட தடக் தடக்

"...திருட்டுன்னு நான் சொல்லலபா. ஆனா இது நம்ம ஊரு தறி இல்ல. எங்கியோ விசைத்தறி ஓடுற ஊர்ல ஒருத்தன் எழுதின பாட்டுக்கு நீ உன் பேரைப் போட்டுக்கினு வந்துகிற" என்றார் படிப்பகத்துச் செயலாளர். அவரே பட்டு நெசவாளி.

அறுபதுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர். படிப்பகத்துக் கவியரங்க நோட்டீசை அச்சடிக்க அவர் பெயர்ப் பட்டியலோடு வந்திருந்தார். கடைசியில் இருந்த என் பெயர் மட்டும் கோடு போட்டு அடித்திருந்தது. அதை விட்டுவிட்டு மற்ற பெயர்களை நானே அச்சுக் கோக்க வேண்டும். திருப்புட்குழியில் இருக்கும் அக்காவிடமோ, நோட்டீசில் என் பெயர் வரப்போகிறது என்று சொல்லியாகிவிட்டது. என் இடத்தில் செயலாளர் தன் மச்சானை ஏற்றப் பார்க்கிறாரோ என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம்.

"எதை வெச்சுண்ணா சொல்றீங்க?"

"உன் பாட்டு தடக் தடக் தடக்னு நிக்காம ஓடுது. கோர்வைத் தறி அப்டியா ஓடும்? நான் சேலைக்கு உடம்பு நெய்யிறேன். என் வூட்டுக்காரி பக்கத்துல உக்காந்து கரைக்குன்னு தனியா நூல் நாடா வுடுறா. அவ வுடுற வரைக்கும் தறி நிக்கும். உன் பாட்டுல அவ எங்க உக்காந்துகிறா?"

செவிலிமேட்டிலிருந்து தினம் தறிக்காரத் தெருக்கள் வழியாகத்தான் வருவேன். ஒரு வீட்டிலும் நின்று கேட்டதில்லை.

அப்போது பின்கட்டில் மெஷின்காரர் டிரெடில் அச்சு மெஷினை மிதிக்கத் தொடங்கினார். கல்யாணப் பத்திரிகை ஓடியது. செயலாளர் தலையைத் திருப்பினார். என் கவிதைத் தாளை எடுத்து, தொடையில் தட்டிக்கொண்டே முணுமுணுத்துப் பார்த்தார். மெஷின் சத்தத்துக்கு ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.

"இந்த மெஷினையா தறின்னு எழுதி வெச்சிகிற?"

"காலைலேர்ந்து காதுல இதான்ணா ஓடுது" என்றேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"பொழச்சுக்கினியே, உன் புண்ணியம் என் கால்லதான் இருக்குது" என்றார் மெஷின்காரர், மிதிப்பதை நிறுத்தாமல்.

செயலாளர் சிரிக்கவில்லை. "அப்ப நீதான் எழுதிகிற. வேற எவனும் இவ்ளோ தப்பா எழுத மாட்டான். நாளைக்குக் காலைல வூட்டுக்கு வா. அவ நாடா வுடுறதைக் கேளு. கேட்டு, பாட்டுல அவளுக்கு ஒரு எடம் வுடு."

பென்சிலை வாங்கி, பட்டியலின் அடியில் என் பெயரைத் திரும்ப எழுதினார். மச்சான் பெயரை எங்கும் காணோம். பிறகு ஒரு முக்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் என் பெயரை மேலே ஏற்றிவிடாமல் கடைசி வரியில்தான் கோக்கிறேனா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.