இரண்டு பேருமாய் வாங்கோ

இந்த நாட்டில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. தானே சுட்டு, தானே சுமந்து வந்து, தானே வெட்டி எல்லாருக்கும் நீட்ட வேண்டுமாம். ஹம் நகரத்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இந்த முறையைத் தவறவிட்டவர் யாரும் இல்லை, மத்தியாஸைத் தவிர. தாதி வேலையில் அவனைப் போல ஒருவரும் இல்லை, மறதியிலும் அப்படித்தான். அவனுடைய பிறந்தநாளன்று காலை இடைவேளையில் நாங்கள் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கதவை நிறைத்தபடி ஒரு மனிதர் உள்ளே வந்தார். காதுகள் இரண்டும் பிசைந்துவிட்ட மா உருண்டை போல இருந்தன. கையில் துவாயால் மூடிய தட்டு. தட்டில் உலர்திராட்சை போட்டுக் கல்லில் சுட்ட சின்னச் சின்ன வட்ட ரொட்டிகள், இன்னும் சூடாக. தட்டை வைத்தார், மத்தியாஸின் நெற்றியில் முத்தமிட்டார், போய்விட்டார். “என் கணவர் றீஸ்” என்றான் மத்தியாஸ், என்னுடைய குடை என்று சொல்வதுபோல. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ரொட்டியை எப்படிச் சுடுவதென்றுதான் கேட்டார்கள். வாயைத் திறந்தபடி இருந்தது நான் மட்டும்தான்.

நான் கதை கேட்கிற ஆள். இந்த நாட்டின் டொய்ச் மொழிகூட நான் வகுப்பில் படித்ததல்ல, சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு கிழவிகளின் வாயிலிருந்து பொறுக்கியது. றீஸின் டொய்ச்சும் அந்த மாதிரித்தான். வழுக்குகிற தரையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல நாங்கள் கதைப்போம். முதல் நாளே சறுக்கினேன். “இங்கிலாந்துக்காரரோ?” என்று கேட்டுவிட்டேன். சிங்களமோ என்று யாராவது என்னைக் கேட்டால் நான் எப்படித் திரும்பிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தார். “வேல்ஸ்” என்றார். தனி நாடு, தனி மொழி, அம்மா பாடிய தாலாட்டு அந்த மொழியில்தான். அன்றிலிருந்து நாங்கள் சொந்தக்காரர் மாதிரி.

நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு ஊர் அவருடையது. தகப்பன் பேருந்துச் சாரதி. ஊர் அணியில் தொடங்கி, பெரிய கழகத்துக்குப் போய், கடைசியில் நாட்டின் சிவப்புச் சட்டையையே போட்டவர் றீஸ். றக்பி எங்கள் பக்கத்து விளையாட்டல்ல. கண்டிப் பொடியன்கள் விளையாடுவார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. ஆகவே மேசையில் உப்புப் போத்தல்களை அடுக்கி விளக்கினார். எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, எதிரே எட்டுப் பேரோடு தலையை முட்டிக் கொடுத்துத் தள்ளும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் முன்வரிசை இவருடையது. அந்தக் காதுகள் அங்கே வாங்கியவை. விளையாடிய காலத்தில் பெரும்பகுதி யாருக்கும் சொல்லாமல் வாழ்ந்தார். விருந்துகளுக்குத் தனியாகப் போனார். பிறகு ஒருநாள், இனிமேல் மறைக்க ஏலாது என்று உடைமாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அணித்தலைவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, “நீ தள்ளுகிற வரைக்கும் எனக்கு என்ன?” என்றாராம். இந்தப் பேச்சை நான் பல இடங்களில் எடுத்து விட்டிருக்கிறேன். ஆனால் வெளி மைதானங்களில் சனம் கூச்சலிட்டது. பார்வையாளர் வரிசையில் இருந்த தகப்பனின் தலையில் யாரோ பியரை ஊற்றினார்கள். அடுத்த பருவத்துக்குக் கழகம் இவரை எடுக்கவில்லை, முழங்கால் பழுது என்றது. றீஸ் காற்சட்டையை மடித்துக் காட்டினார். “பாருங்கள், அருமையான முழங்கால்.” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டுப் பேரின் பாரத்தைத் தலையால் தாங்கிய ஆளை, சொன்னது உண்மை என்பதற்காக வீட்டுக்கு அனுப்புவதா?

இங்கே அவரை ஒருவருக்கும் தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார், ஒரு சின்ன றக்பிக் கழகத்தைப் பயிற்றுவிக்கிறார். இந்த நாட்டையும் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். தன்னைக் குளிப்பாட்ட என் கறுப்புக் கையும் வேண்டாம், ஆணைக் கட்டிய மத்தியாஸின் கையும் வேண்டாம் என்பார். நாங்கள் இருவரும் ஒரே கதவுக்கு வெளியே நின்றிருக்கிறோம். அதனால்தான் எங்கள் ஆட்கள் மூடிய கதவு எனக்கு அப்படிச் சுட்டது.

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் விளையாட்டு விழாவுக்குப் பிரதம விருந்தினர் தேடினார்கள். நான் றீஸின் பெயரைச் சொன்னேன். தலைவர் சிவநேசன் அண்ணைக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. “நாட்டுக்கு விளையாடின ஆளோ தங்கச்சி? பிறகென்ன, நீங்களே போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ” என்றார். எங்கள் முறை உங்களுக்குத் தெரியும். ஒருவரை அழைப்பதென்றால் வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் இருவரும் இருக்கிற நேரம் பார்த்து. ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாமல் வந்தால் அது அழைப்பல்ல, அவமதிப்பு. அப்படியே போனேன். இரண்டு பேருமாய் வரவேண்டும், எங்கள் குத்துவிளக்கைத் தம்பதியாய்த்தான் ஏற்றுவது வழக்கம் என்று சொன்னேன். மத்தியாஸ் அடுத்த நாளே விடுப்பு எடுத்துவிட்டான். எந்தக் கையால் ஏற்றுவது, சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று வேலையிடத்தில் என்னைத் துளைத்தெடுத்தான்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் சிவநேசன் அண்ணை பேனையைத் திறந்தார்.

“அவரின்ரை மனுசிக்கு என்ன பேர் தங்கச்சி? மைக்கில சொல்ல வேணுமெல்லே.”

“மனுசி இல்லை அண்ணை, மனுசன். மத்தியாஸ் எண்டு பேர்.”

பேனை மூடப்பட்டது. செயலாளர் வசந்திதான் முதலில் வாயைத் திறந்தாள். “சின்னப்பிள்ளையள் வாற இடம், மலர் அக்கா.”

“பிள்ளையள் இஞ்ச பள்ளிக்கூடத்திலயே இதைப் படிக்குதுகள். பயந்து சாகிறது நாங்கள்தான்.”

“எனக்கு இதில ஒண்டுமில்லை” என்றார் சிவநேசன் அண்ணை. “ஆனால் சனம் கதைக்கும். அவர் தனிய வரட்டும். மாலை போடுவம், பொன்னாடை போத்துவம். மற்றவர் வேணுமெண்டால் சனத்தோட சனமாய் இருக்கட்டும். விளக்கு புனிதமான சாமான் தங்கச்சி.”

எனக்கு உச்சியில் ஏறியது. போன வருடம் அதே விளக்கை ஏற்றிய மனிதர் மனைவிக்குக் கை நீட்டுகிறவர் என்பது இங்கே தெரியாத தமிழர் இல்லை. அந்தப் பெண் கன்னத்தில் பவுடரை அப்பிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று திரி கொளுத்தினாள். எல்லோரும் கை தட்டினோம். அன்று விளக்கின் புனிதத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதைச் சொன்னேன். “அது குடும்பப் பிரச்சினை” என்றார்கள்.

அகதித் தஞ்சம் கேட்டு இந்த நாட்டு அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் நாங்கள் என்ன சொல்லி நின்றோம்? இப்படிப் பிறந்ததற்காக எங்களை அடிக்கிறார்கள், நம்புங்கள் என்றுதானே. வாடகைக்கு வீடு கேட்டபோது எங்கள் உச்சரிப்பைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்று தொலைபேசியை வைத்தவர்களை இன்றைக்கும் சொல்லிச் சொல்லித் திட்டுகிறோமே. அந்த வாயாலேயே “தனிய வரட்டும்” என்று சொல்ல எப்படி முடிகிறது? ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களும் அங்கே இப்படி ஆட்கள் இல்லை என்று எனக்கு எழுத வேண்டாம். இருந்தார்கள். “கலியாணம் கட்டாமலே இருந்திட்டான்” என்று ஒரு வசனத்துக்குள் அவர்களைப் போட்டு மூடினோம்.

இன்னொன்று. அந்த விளக்கு என் வீட்டு விளக்கு. ஒவ்வொரு வருடமும் கம்பளியில் சுற்றி, காரின் பின்பெட்டியில் படுக்கவைத்து நாங்கள்தான் கொண்டுபோவோம். “அப்ப என்ரை விளக்கு வராது” என்றேன். “அதுக்கென்ன அக்கா, வேறை விளக்கு எடுப்பம்” என்றாள் வசந்தி. எடுத்தார்கள். அது எனக்கு இன்னும் சுட்டது.

அழைத்தவள் நான், ஆகவே சொல்ல வேண்டியவளும் நான். றீஸ் மைதானத்தில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் மட்டும் வர முடியுமா என்று கேட்டேன். அவர் வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். “இடம் காணாதா? எங்கள் கழகத்துக் கதிரைகளைக் கொண்டுவருகிறேன்.” “கதிரை இருக்கிறது, மனம்தான் இல்லை” என்றேன். காற்றடிப்பதை நிறுத்தினார்.

“முன்வரிசையில் தலை கொடுத்தது எனக்கு வலித்ததில்லை. விருந்துகளில் பக்கத்துக் கதிரை காலியாக இருந்ததுதான் வலித்தது. இனி ஓரிடத்துக்கும் தனியாகப் போவதில்லை. கோபமில்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.”

“எனக்குக் கோபம்” என்றேன்.

“அதை வைத்திருங்கள்” என்றார். “உங்களுக்குப் பொருந்துகிறது.”

விழா நாளன்று பக்கத்து மைதானத்தில் றீஸின் கழகத்துக்கும் ஆட்டம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி, அதில் ஒரு சின்னக் கதவு. பிள்ளைகள் பசி கிடக்கக் கூடாதென்று நான் பொரித்த ரோல்ஸைக் காலையிலேயே உணவுக் கூடாரத்தில் கொடுத்துவிட்டேன். பிறகு என் கணவரிடம், விளக்கை அந்தப் பக்கம் கொண்டுவாங்கோ என்றேன். மனிதர் என்னை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தூக்கினார். தண்ணீர்ப் போத்தல்கள் வைக்கும் மேசையில் அதை நிறுத்தி எண்ணெய் விட்டேன். கழகத்துப் பெண்மணி ஒருவர் ஓடிவந்தார். இங்கேயும் பிரச்சினை தொடங்குகிறது என்று நினைத்தேன். “இங்கே திறந்த நெருப்புக்கு அனுமதி இருக்கிறதா?” என்று கேட்டார். யார் ஏற்றப்போகிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. தானே போய்த் தீயணைப்பானைத் தூக்கிவந்து, காவலுக்கு நிற்பதுபோல மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

காற்று விடவில்லை. கொளுத்தக் கொளுத்தத் திரி அணைந்தது. றீஸ் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். சேறு அப்பிய ஆட்டக்காரர்கள் வந்து, மேசையைச் சுற்றித் தோளோடு தோள் கோத்துக் குனிந்தார்கள். அந்த வளையத்துக்குள் றீஸும் மத்தியாஸும் தலையைக் கொடுத்து, ஒரே நெருப்புக்குச்சியை ஒன்றாகப் பிடித்து, ஐந்து திரியையும் ஏற்றினார்கள். மத்தியாஸ் சப்பாத்தைக் கழற்றியிருந்தான். காலுறையெல்லாம் சேறு.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. “மலர் அக்கா எங்க நிண்டாலும் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வரவும். ரோல்ஸ் முடிஞ்சுது, பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கினம்.” வசந்தியின் குரல். மிச்ச ரோல்ஸ் எங்கள் காரில்தான் இருந்தது. என் பெயரை என் அம்மா கூப்பிட்டதுபோலக் கூப்பிட இந்த நகரத்தில் அந்த வேலிக்கு அப்பால்தான் ஆட்கள் இருக்கிறார்கள். என் விளக்கோ இந்தப் பக்கம், அந்நியர்களின் முதுகுகளுக்கு நடுவே எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய்ப் போத்தலோடு வேலிக் கதவில் நின்றேன். மறுபடியும் கூப்பிட்டார்கள்.