ஆறாவது நகர்த்தல்

பீளமேட்டு பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டும் மருதாசலத்துக்கு வாய் சும்மா இருக்காது. செஸ் பலகை முன்னால் மட்டும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டியதுதான் வினையாகப் போயிற்று.

தொண்ணூற்று மூன்றில், ஒரு கல்யாண மண்டபத்தில் ரேபிட் போட்டி. ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். எதிரே கோட்டைமேட்டு அத்தர் வியாபாரி யாகூப், அவருடைய இருபது வருடக் கூட்டாளி. இவர் ராஜா முன்னிருந்த சிப்பாயை நகர்த்த, யாகூப் வழக்கம்போல் சிசிலியன் என்கிற தடுப்பாட்டம் ஆடினார். ஆறாவது நகர்த்தலில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆரம்பத்திலேயே நேரத்தைக் கரைப்பது அவர் பழக்கம்தான். மருதாசலம் ஆளைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். பாவி மனுசனுக்கு உள்ளுக்குள் குஷி வேறு! யாகூபின் நேரம் தீர்ந்து கடிகாரத்தில் சிவப்புக் கொடி விழுந்ததும் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார்.

யாகூப் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். மருதாசலம் யாகூப் வீட்டுக்குப் போய் முகம் காட்டவே இல்லை.

அதன்பிறகு அவரால் ஓர் ஆட்டத்தையும் முடிக்க முடிந்ததில்லை. எதிராளி கொஞ்சம் அசையாமல் இருந்தால் போதும், அந்த முகத்தில் யாகூப் வந்து உட்கார்ந்துகொள்வார். இவர் பேசிவிடுவார். பேசினால் எச்சரிக்கை, மறுபடி பேசினால் தோல்வி.

"இந்த ஒரு ஆட்டத்தையாச்சும் வாயத் தொறக்காம முடிச்சுப்போட்டு வாங்க. அப்பத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்," என்று சொல்லி அனுப்பினாள் மனைவி கனகம். அவரும் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்பினார்.

தொண்ணூற்றாறு அது. அதே மண்டபம். எதிரே வந்து உட்கார்ந்தவர் யாகூபின் தம்பி அப்துல் கையூம். கை கொடுத்ததோடு சரி. சிப்பாய் நகர்ந்தது, சிசிலியன் வந்தது. ஆறாவது நகர்த்தலில் கையூம் தலையைக் கையில் தாங்கினார்.

மருதாசலம் பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்று நிமிடம் போயிற்று. அத்தர் வாசனை அடித்தது. கையூம் அத்தர் பூசுகிறவரே அல்ல.

"ஏனுங்க, ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?"

நடுவர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். கையூம் நிமிரவில்லை. இன்னும் நாலு நிமிடம் ஓடியது.

"ஏனுங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா? சொல்லிப்போடுங்க!"

நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். ஆட்டம் போயிற்று.

கையூம் மெல்ல நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார். "இதை அன்னைக்கு எங்கண்ணங்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாமுங்களே."